கணப்படுப்பின் முன்னால் விறகு ஸ்டவ்: வேலை தொடங்குவது புகைபோக்கியில்

திறந்த கணப்படுப்பில் கட்டை எரியும்போது முன்னால் உட்கார்ந்து பாருங்கள். முகம் காயும், முதுகு குளிரும். அறையின் மறுகோடியில் இருப்பவர் போர்வையை விடமாட்டார். திறந்த நெருப்பு, தான் எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து உறிஞ்சிப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் குளிர்காற்று நுழைகிறது. விறகில் இருக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிது. கதவை மூடிக்கொண்டு காற்றை அளந்து விடுகிற இன்றைய இரும்பு ஸ்டவ், அதே விறகிலிருந்து 70 சதவீதம் வரை, நல்ல ஸ்டவ் என்றால் அதற்கு மேலும் எடுத்துத் தரும். 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரும்புத் தகடுகளால் ஒரு கணப்படுப்பை வடிவமைத்ததும் இப்படி வீணாகும் வெப்பத்தைப் பிடிக்கத்தான்.

ஏற்கெனவே கணப்படுப்பு உள்ள வீட்டில் ஸ்டவ் வைக்க இரண்டு வழி உண்டு. கணப்படுப்பின் பொந்துக்குள்ளேயே செருகி வைக்கும் ஸ்டவ் ஒன்று. கணப்படுப்புக்கு முன்னால் தனியாகக் கால்களில் நின்று, புகைக்குழாயை மட்டும் பின்னால் இருக்கும் பழைய புகைபோக்கிக்குள் அனுப்பும் ஸ்டவ் மற்றொன்று. இங்கே சொல்லப்போவது இரண்டாவது வகையைப் பற்றி. செருகும் வகை பெரும்பாலும் விசிறியை நம்பி வெப்பத்தை வெளியே தள்ளும். முன்னால் நிற்கும் ஸ்டவ்வுக்கு அது வேண்டாம். நான்கு பக்கமும் மேல்பக்கமும் அறைக்குள்ளேயே இருப்பதால், மின்சாரம் போன இரவிலும் அது அறையைக் காய்த்துக்கொண்டே இருக்கும். அறையில் கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக இறங்குகிறவர்கள் ஸ்டவ்விலிருந்து தொடங்குகிறார்கள். வடிவம், நிறம், கண்ணாடியின் அளவு பார்த்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு, "இதன் குழாயை எங்கே விடுவது?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் புகைபோக்கி, பிறகு தரை, பிறகு சுவரிலிருந்து இடைவெளி. இந்த மூன்றும் தெரிந்தபின் எந்த ஸ்டவ் பொருந்தும் என்பது தானே புலப்படும்.

உங்கள் கணப்படுப்பு எந்த வகை?

டார்ச் எடுத்துக்கொண்டு கணப்படுப்புக்குள் தலையை விட்டு மேலே பாருங்கள். செங்கல், கல், சுடுமண் குழாய் தெரிந்தால் அது கட்டிய புகைபோக்கி. மெல்லிய தகட்டுச் சுவரும், மேலே வட்டமான உலோகக் குழாயும் தெரிந்தால் அது தொழிற்சாலையில் பெட்டியாகச் செய்து மரச்சட்டத்துக்குள் வைத்த கணப்படுப்பு. முகப்பில் கல் ஒட்டியிருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். அந்தப் பெட்டியும் குழாயும் அந்தத் திறந்த நெருப்புக்காக மட்டுமே சோதிக்கப்பட்டவை. அதில் ஸ்டவ் குழாயை நுழைப்பது, தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதித்தால் தவிர, கூடவே கூடாது. அந்த வகை வீடுகளில் ஸ்டவ்வுக்கென்று தனிப் புகைபோக்கி எழுப்புவதுதான் வழி. கீழே வருவதெல்லாம் கட்டிய புகைபோக்கிக்கு மட்டும்.

கட்டியது என்று தெரிந்ததும் அதைச் சுத்தம் செய்கிறவரை அழைத்து, முதலில் முழுக்க வாரச் சொல்லுங்கள், பிறகு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த சுடுமண் குழாய், உதிர்ந்த சாந்து, பறவைக்கூடு, செங்கல்லுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் மர உத்தரம் எல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய கரியை வாராமல் புது ஸ்டவ்வின் சூட்டை உள்ளே விட்டால், அந்தக் கரியே பற்றிக்கொள்ளும். அதே புகைபோக்கியில் வேறு எந்த அடுப்போ கொதிகலனோ இணைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு புகைவழிக்கு ஒரு அடுப்பு மட்டுமே.

பல ஊர்களில் இந்த வேலைக்கு உள்ளாட்சி அனுமதியும், முடிந்தபின் ஆய்வும் கட்டாயம். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீ நேர்ந்தபின் அவர்கள் முதலில் கேட்பது அந்த ஆய்வுச் சான்றைத்தான்.

லைனர் ஏன் வேண்டும்

நான் பார்த்ததிலேயே அஞ்சத்தக்க வேலை ஒன்று உண்டு. ஸ்டவ்விலிருந்து மூன்றடிக் குழாய் ஒன்றைக் கணப்படுப்புக்குள் மேல்நோக்கி விட்டு, "பெரிய புகைபோக்கிதானே, புகை தானாகப் போய்விடும்" என்று விட்டிருந்தார்கள். இரண்டு பனிக்காலம் கழித்துத் திறந்தபோது உள்சுவர் முழுக்கத் தார் பூசியதுபோல் கறுப்பாக மினுங்கியது. அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

என்ன நடக்கிறது என்றால், ஸ்டவ் மிகக் குறைந்த காற்றில் எரிவதால் அதிலிருந்து வரும் புகையின் அளவு கொஞ்சம்தான். திறந்த நெருப்புக்காகக் கட்டிய அகலமான புகைபோக்கிக்குள் அது போனால், மெதுவாகி, சுவரில் பட்டுக் குளிர்ந்துவிடும். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், புகையிலுள்ள நீராவியும் எரியாத தாரும் சேர்ந்து சுவரில் படியும். அதுதான் கிரியோசோட். முதலில் பொடியாக, பிறகு செதிலாக, கடைசியில் கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும். அது பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். ஆகவே இந்த வேலை முழுவதற்கும் ஒரே இலக்கு: புகை சூடாகவே வெளியேற வேண்டும்.

அளவு கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்டவ்களின் புகைவாய், அதாவது காலர், 6 அங்குல விட்டம் கொண்டது. அதன் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெளியிட்ட 211ஆம் எண் தரவிதிப்படி, புகைபோக்கி முழுவதும் வீட்டுக்குள் இருந்தால் அதன் உள்பரப்பு காலரின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கமாவது வெளிக்காற்றில் நின்றால் இரண்டு மடங்குதான். உங்கள் புகைபோக்கி உள்ளளவில் 7க்கு 11 அங்குலம் என்றால் 77 சதுர அங்குலம். வீட்டுக்குள் இருந்தால் எல்லைக்குள் வருகிறது, வெளிச்சுவரில் இருந்தால் வராது. 12க்கு 12 என்றால் 144, ஐந்து மடங்கு. அங்கே லைனர், அதாவது புகைபோக்கிக்குள் இறக்கும் எஃகுக் குழாய், இல்லாமல் பேச்சே இல்லை. என் கருத்தில், கணக்கு எல்லைக்குள் வந்தாலும் லைனர் போட்டுவிடுங்கள். இழுவையும் நன்றாக இருக்கும், வாருவதும் எளிது.

லைனர் என்பது புகைபோக்கியின் உச்சியிலிருந்து ஸ்டவ் வரை வரும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். ஸ்டவ்வின் காலர் எவ்வளவோ அவ்வளவே விட்டம் இருக்க வேண்டும். குறுக்கினால் புகை அறைக்குள் திரும்பும். விறகுக்கென்று மதிப்பிடப்பட்ட குழாயா என்று கேட்டு வாங்குங்கள். எரிவாயுக் கருவிகளுக்கான அலுமினிய லைனர் இந்தச் சூட்டைத் தாங்காது. லைனரைச் சுற்றி வெப்பக்காப்புப் போர்வையும் வேண்டும். அரை அங்குலத் தடிமனுள்ள பீங்கான் இழைப் போர்வையைச் சுற்றி, அதன்மேல் கம்பி வலை மாட்டுவது வழக்கம். புகையைச் சூடாக வைப்பதும், செங்கல்லை ஒட்டிய மரத்தைக் காப்பதும் அந்தப் போர்வைதான். அதோடு சேர்த்து 6 அங்குல லைனர் ஏழு அங்குலத்தைத் தாண்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மேலே சொன்ன 7 அங்குல வழியில் அது நுழையாது. அப்படியானால் பழைய சுடுமண் குழாயை உடைத்தெடுக்கலாம், அல்லது நீள்வட்ட லைனர் வாங்கலாம்.

உயரமும் பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் ஸ்டவ்விலிருந்து உச்சி வரை 15 அடியாவது கேட்கிறார்கள். உச்சி, கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலேயும், பக்கவாட்டில் 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி மேலேயும் இருக்க வேண்டும். இது குறைந்தால் காற்று வீசும்போது புகை கீழே இறங்கும்.

லிண்டலை அளங்கள்

ஸ்டவ் தேர்வைத் தீர்மானிக்கும் எண் இது. கணப்படுப்பின் தரையிலிருந்து அதன் வாய்க்கு மேலே உள்ள லிண்டலின் அடிப்பகுதி வரை எவ்வளவு உயரம்? குழாய் இந்த வாய்க்குள் நுழைந்துதான் மேலே போக வேண்டும். சில ஸ்டவ்களில் புகை மேலேயிருந்து வெளியேறும், சிலவற்றில் பின்பக்கத்திலிருந்து. பலவற்றில் காலரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம். முன்னால் நிற்கும் ஸ்டவ்வுக்குப் பின்பக்க வழியே வசதி.

வாய் 30 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கக் காலரின் நடுப்புள்ளி தரையிலிருந்து 24 அங்குலத்தில் இருந்தால், 6 அங்குலக் குழாயின் மேல்விளிம்பு 27இல் வரும். மூன்று அங்குலம் மிச்சம். அது போதும். அதே ஸ்டவ்வில் காலர் மேலே இருந்தால், ஸ்டவ்வின் உயரத்தோடு ஒரு வளைவுக் குழாயும் சேர்ந்து லிண்டலைத் தாண்டிவிடும். சில தயாரிப்பாளர்கள் இதற்காகவே குட்டைக் கால்கள் விற்கிறார்கள். ஆனால் கால் குறைந்தால் கீழே தரைக்குப் போகும் சூடு கூடும். அப்போது தரைப் பாதுகாப்பையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

பின்னோக்கிப் போகும் குழாய் படுக்கையாக இருக்கக் கூடாது. ஸ்டவ்விலிருந்து விலகிப் போகப் போக, அடிக்குக் கால் அங்குலமாவது ஏற வேண்டும். படுக்கையான பகுதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

தரையும் சுவரும்

கணப்படுப்பின் முன்னால் ஏற்கெனவே கல்தளம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போதாது. அந்தத் தளம், நெருப்பு பொந்துக்குள் இருக்கும்போது தெறிக்கும் பொறிகளுக்காகப் போட்டது. இப்போது ஸ்டவ்வே அந்தத் தளத்தின்மேல் ஏறி நிற்கப்போகிறது. கதவு தளத்தின் விளிம்புக்கே வந்துவிடும். ஸ்டவ்வின் கதவுக்கு முன்னால் 16 முதல் 18 அங்குலமும், பக்கங்களில் 8 அங்குலமும் எரியாத தரை இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொதுவாகக் கேட்கப்படும் அளவு. உங்கள் ஸ்டவ்வின் கையேடு அதிகமாகக் கேட்டால் அதுவே சட்டம்.

கையேட்டில் தரைப் பாதுகாப்பு இரண்டு விதமாகக் குறிக்கப்பட்டிருக்கும். பொறியைத் தடுத்தால் மட்டும் போதும் என்றால், ஓடோ தகடோ பதித்தால் வேலை முடிந்தது. வெப்பத்தையும் தடுக்க வேண்டும் என்றால் ஆர் மதிப்பு என்று, வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அப்போது வெறும் ஓடு உதவாது. கல்லும் ஓடும் சூட்டைத் தடுப்பதில்லை, கடத்துகின்றன. அவற்றுக்கடியில் வெப்பத்தைத் தடுக்கும் பலகைகளை அடுக்கி, ஒவ்வொன்றின் ஆர் மதிப்பையும் கூட்டி அந்த எண்ணை எட்ட வேண்டும். பழைய வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள். கல்தளம் வார்க்கும்போது அடியில் கொடுத்த மரப்பலகையைச் சிலர் எடுக்காமலே விட்டிருப்பார்கள். கீழே இறங்கிப் பார்க்க முடிந்தால் பார்த்து, இருந்தால் அகற்றிவிடுங்கள். வார்ப்பிரும்பு ஸ்டவ் 200 கிலோவைத் தாண்டலாம். மரத்தரை என்றால் அதைத் தாங்குமா என்று கொத்தனாரையோ தச்சரையோ கேட்டுவிடுங்கள்.

சுவர் விஷயத்தில், தீக்காய்கிறவர் அகலாமலும் அணுகாமலும் இருப்பதுபோலத்தான். ஸ்டவ்வின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில், எரியக்கூடிய பொருள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அளவு எழுதியிருக்கும். சோதனைச் சான்றே இல்லாத பழைய ஸ்டவ் என்றால் 36 அங்குலம் விட வேண்டும். ஒற்றைத் தகட்டாலான புகைக்குழாயிலிருந்து 18 அங்குலம். நம் கணப்படுப்பில் இதில் சிக்குவது மேலே இருக்கும் மரப்பலகையும், இருபுறத்து மர அலங்காரச் சட்டமும்தான். ஸ்டவ்வின் மேல்பரப்பிலிருந்து பலகையின் அடி வரை அளந்து பாருங்கள். இடைவெளி போதாவிட்டால், பலகைக்கடியில் தகட்டுக் கவசம் மாட்டலாம். ஆனால் அது மரத்தோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் விலகி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் ஓடும் காற்றுதான் மரத்தைக் காக்கிறது.

மரச்சட்டச் சுவர்மேல் செங்கல் ஒட்டியிருந்தால் அது பாதுகாப்பு ஆகாது. செங்கல் மெல்லச் சூடேறிப் பின்னால் உள்ள மரத்துக்குக் கடத்தும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சூடுபட்ட மரம், புது மரம் பற்றும் வெப்பத்தைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை.

வேலை நாள்

கூரையேறும் வேலை இது. மழையும் காற்றும் இல்லாத நாளாக, மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கூரைச் சரிவு அதிகம் என்றால் லைனர் இறக்கும் பகுதியை மட்டுமாவது தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

முதலில் கணப்படுப்பின் டாம்பரை, அதாவது புகைவழியை மூடித் திறக்கும் இரும்புத் தகட்டை, கழற்றி எடுத்துவிடுங்கள். அதன் சட்டம் குறுகலாக இருந்தால் லைனர் நுழைய அதையும் வெட்ட வேண்டியிருக்கும். போர்வை சுற்றிய லைனரின் முனையில் கயிறு கட்டி, மேலிருந்து ஒருவர் மெல்ல இறக்க, கீழேயிருப்பவர் கயிற்றை வழிநடத்த வேண்டும். முறுக்கித் தள்ளாதீர்கள், வலை கிழியும்.

கீழ்முனையில் டீ (T) வடிவத் துண்டு வரும். அதன் பக்கவாய் ஸ்டவ்வை நோக்கி நீளும், அடிவாய்க்கு மூடி உண்டு. வாரும்போது கரி விழுந்து சேருவது அந்த மூடியில்தான். ஆகவே பின்னாளில் கை எட்டும்படி விட்டு வையுங்கள். உச்சியில் தகடு வைத்து, விளிம்பை வெப்பம் தாங்கும் சிலிக்கோனால் அடைத்து, மழைத்தொப்பி மாட்டுங்கள்.

அடுத்தது, பலர் விட்டுவிடும் வேலை: டாம்பர் இருந்த இடத்தை அடைப்பது. லைனருக்குத் துளை விட்டு, எஃகுத் தகட்டை அளவாக வெட்டி அங்கே பொருத்தி, அதன்மேல் பாறைக் கம்பளியை நிரப்புங்கள். சாதாரணக் கண்ணாடி இழைப் பஞ்சு வேண்டாம், அதிலுள்ள பசை இந்தச் சூட்டில் எரியும். இந்தத் தகடு இல்லாவிட்டால் ஸ்டவ் தரும் சூடு பொந்துக்குள் ஏறி, லைனரைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மேலே போய்விடும். மறுபடியும் முதுகு குளிரும்.

பிறகு ஸ்டவ்வை இடத்தில் நிறுத்தி டீயோடு இணையுங்கள். இணைப்புக் குழாயின் சுருக்கிய முனை ஸ்டவ்வை நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே வழியும் கிரியோசோட் மூட்டு வழியாக வெளியே கசியாமல் ஸ்டவ்வுக்கே திரும்பி எரியும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று ஸ்க்ரூ. துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாயை இங்கே பயன்படுத்தாதீர்கள், சூட்டில் நச்சுப்புகை விடும். ஸ்டவ்வுக்கென்று விற்கும் கறுப்பு எஃகுக் குழாயே வேண்டும்.

அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், படுக்கையறைகளுக்கு வெளியே இன்னொன்று, கூடவே புகை அலாரம். இவை மாட்டாமல் தீ மூட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முதல் தீ

ஆய்வு முடிந்ததும் சிறு சுள்ளிகளோடு மட்டும் தொடங்குங்கள். முதல் மூன்று முறையும் சிறு தீ மூட்டி, ஒவ்வொரு முறையும் முழுக்க ஆறவிட்டு, சூட்டைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வார்ப்பிரும்பும் உள்செங்கல்லும் ஈரத்தை விட்டுப் பழக வேண்டும். புது பெயின்ட் காயும்போது நாற்றமும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புகைபோக்கி குளிர்ந்திருந்தால் புகை முதலில் அறைக்குள் வரப் பார்க்கும். ஒரு தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, புகை வெளியேறும் வாய்க்கருகே காட்டினால் உள்ளே இருக்கும் குளிர்காற்று நகர்ந்து இழுவை பிடித்துக்கொள்ளும். அப்படியும் புகை திரும்பினால் ஒரு ஜன்னலைத் திறந்து பாருங்கள். உடனே சரியானால், வீடு இறுக்கமாக இருக்கிறது, அல்லது சமையலறை விசிறி காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விசிறியை நிறுத்துங்கள். எப்போதும் இதே தொல்லை என்றால் ஸ்டவ்வுக்கு வெளிக்காற்றைத் தனிக்குழாயில் கொண்டுவர வேண்டும்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். பிளந்து, மேலே மூடி, பக்கம் திறந்து அடுக்கிய விறகுக்கு ஒரு வருஷமாவது ஆகும், கெட்டி மரத்துக்கு இரண்டு. பெயின்ட் அடித்த மரம், பூச்சி மருந்தேற்றிய மரம், குப்பை எதுவும் கூடாது. கடலில் மிதந்து வந்த கட்டையும் கூடாது. அதிலுள்ள உப்பு லைனரை அரிக்கும்.

இரவில் காற்றை முழுக்க அடைத்துவிட்டுப் புகையவிடும் பழக்கம் வேண்டாம். கிரியோசோட் சேருவது அந்த நேரத்தில்தான். கண்ணாடி கறுத்தால் அதுவே முதல் எச்சரிக்கை: விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை.

சாம்பலை மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் வாரி வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தின்மேல் இல்லாமல் வையுங்கள். சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

முதல் பருவத்தில் வருஷம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மாதம் எரித்ததும், ஸ்டவ் முழுக்க ஆறிய ஒரு காலையில், டீயின் அடிமூடியைக் கழற்றி, கண்ணாடித் துண்டையும் டார்ச்சையும் பிடித்து மேலே பாருங்கள். படிவு எட்டில் ஓர் அங்குலத் தடிமன், சுமார் 3 மில்லிமீட்டர், வந்திருந்தால் உடனே வாரச் சொல்லுங்கள். வறண்ட சாம்பல்நிறப் பொடி கொஞ்சம்தான் தெரிகிறது என்றால் மூடியை மாட்டிவிட்டு அன்றைய தீயை மூட்டலாம்.